பத்து முகப் பகடையும் ஆறு முகப் பகடையும்

இந்தப் பதிவு ஒரு விளையாட்டைப் பற்றியது. செய்தித்தாளில் காலம் கழித்த ஒருவன் விளையாட்டைப் பற்றி எழுதினால் அது கிரிக்கெட்டாகவோ உதைபந்தாட்டமாகவோ இருக்கும் என்று வாசகர்கள் நினைப்பது இயல்பு. இதில் மட்டையும் இல்லை, பந்தும் இல்லை. ஒரு மேசை, ஐந்தாறு பேர், சில தாள்கள், பென்சில், பகடை ஆகியவையே இதற்குப் போதுமானவை.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போரில் ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். “இருட்டான ஒரு கிடங்கின் வாசலில் நிற்கிறீர்கள். உள்ளே ஏதோ அசைகிறது. என்ன செய்வீர்கள்?” என்று நடத்துபவர் கேட்பார். ஒருவர் விளக்கை ஏற்றுவதாகச் சொல்வார், இன்னொருவர் ஓடிவிடுவதாகச் சொல்வார். செய்ய நினைத்தது கைகூடுமா என்று ஐயம் எழும் இடங்களில் பகடை எறிந்து முடிவு காண்பார்கள். வென்றவர், தோற்றவர் என்று எவரும் இல்லை. கதை ஒன்று பிறந்து முடிவதே ஆட்டத்தின் பயன். ஆங்கிலத்தில் ‘ரோல் பிளேயிங் கேம்’ என்பார்கள். நான் பாத்திர விளையாட்டு என்று எழுதுகிறேன்.

திருகோணமலையில், உட்துறைமுக வீதிக்கு அண்மையில் உள்ள என் தம்பி வீட்டு விறாந்தையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் இந்த ஆட்டம் நடக்கிறது. நடத்துபவன் தம்பியின் மகன், எங்கள் வழக்கில் சொன்னால் என் பெறாமகன். அவனுடைய நண்பர்கள் ஐவர் வருகிறார்கள். ஒருவர் கொட்டியாரக்குடாவைக் கடந்து மூதூரிலிருந்து வருபவர். ஓராண்டுக்கு மேலாக இவர்கள் செய்துவரும் காரியம் ஒன்று என் கவனத்தை ஈர்த்தது. உலகப் புகழ்பெற்ற ஒரு திகில் விளையாட்டை அதன் சொந்த விதிகளிலிருந்து கழற்றி, வேறொரு விதித்தொகுதியில் பொருத்தித் தமிழில் ஆடுகிறார்கள். தமிழ்ச் சொற்கள் தேடிக் கொடுப்பதும் பழைய திருகோணமலையைப் பற்றிய விவரங்கள் சொல்வதும் என் பங்கு.

மூல விளையாட்டின் பெயர் ‘கோல் ஒஃப் கதுலு’. சாண்டி பீட்டர்சன் எழுதி, அமெரிக்காவின் கேயோசியம் நிறுவனம் 1981இல் வெளியிட்டது. எச்.பி. லவ்கிராஃப்ட் என்ற அமெரிக்க எழுத்தாளரின் திகில் கதைகளே இதற்கு அடிப்படை. 1890இல் பிறந்து 1937இல் மறைந்த அவர், வாழ்நாளில் பெரிதாக அறியப்படாதவர். விளையாட்டுக்குப் பெயர் தந்த கதை 1928இல் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் வெளிவந்தது. கடலடியில் அமிழ்ந்த ஒரு நகரம், அதில் உறங்கும் கதுலு என்ற பூதம், அதை வழிபடும் இரகசியக் கூட்டம் ஆகியவை அக்கதையின் பொருள். அதில் என்னை ஈர்த்தது பூதமன்று. சிதறிக் கிடக்கும் தகவல்கள் ஒன்றுசேரும் இடத்தில் ஒரு பழைய செய்தித்தாள் வருகிறது. அருங்காட்சியகம் ஒன்றின் தட்டில், கற்களுக்கு அடியில் விரித்திருந்த அவுஸ்திரேலியப் பத்திரிகைத் துண்டு அது. தற்செயலாகக் கதாநாயகனின் கண்ணில் பட்ட அந்தத் துண்டுதான் அவனுடைய நிம்மதியைக் கெடுக்கிறது. பத்திரிகைக்காரன் இதை எப்படி மறப்பான்?

இந்த விளையாட்டுக்கு முன்னர் வந்த பாத்திர விளையாட்டுகள் பெரும்பாலும் வாளெடுத்து அரக்கரைக் கொன்று புதையல் எடுப்பவை. பீட்டர்சன் அதைத் தலைகீழாக்கினார். அவருடைய ஆட்டத்தில் பாத்திரங்கள் பேராசிரியர், மருத்துவர், பத்திரிகையாளர் போன்ற சாதாரண மனிதர்கள். ஒவ்வொருவருக்கும் உடல்பலத்தோடு சித்தத்தெளிவுக்கும் ஓர் எண் உண்டு. காணக்கூடாததைக் காணும்போது அந்த எண் குறையும். இன்னொரு விதியும் இருக்கிறது. கதுலுவைப் பற்றிய அறிவு எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவுக்குச் சித்தத்தெளிவின் உச்ச வரம்பு 99இலிருந்து இறங்கும். அறிவு 20 என்றால் தெளிவு ஒருபோதும் 79ஐத் தாண்டாது. உண்மையை அறிந்தவன் முழுமையாக நலமடைய முடியாது என்பதை ஒரு கழித்தல் கணக்காக எழுதி வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு தொலைவிலுள்ள ஒரு கதையைத் திருகோணமலைக்குக் கொண்டுவருவது வலிந்து செய்த காரியமாகத் தோன்றலாம். எங்கள் ஊர்க் கடலை அறிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. 1620களில் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். கற்களில் ஒரு பகுதி கோட்டைச் சுவரானது, மறுபகுதி கடலுக்குள் போனது. 1950இல் கிணறு தோண்டியபோது கோயிலின் வெண்கலத் திருவுருவங்கள் சில மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன. 1956இல் சுவாமி மலைக்குக் கீழே கடலில் மூழ்கிய மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் செதுக்கிய தூண்களையும் கற்களையும் கண்டார்கள். கிளார்க் அடுத்த ஆண்டே அதைப் பற்றி நூல் எழுதினார். வில்சன் பிற்காலத்தில் துறவு பூண்டு சுவாமி சிவகல்கி என்ற பெயரில் இலங்கையிலேயே வாழ்ந்தார். கடலடியில் கோயிலைக் கண்டவர் துறவியானார் என்பது எங்கள் ஊரில் நடந்த செய்தி. இதற்கெல்லாம் முன்பே, 1940இல், இளைஞரான கிளார்க் லவ்கிராஃப்டின் ஒரு கதையைக் கிண்டல் செய்து எழுதியிருந்தார் என்பதையும் சொல்லிவைக்கிறேன். லவ்கிராஃப்டைக் கேலி செய்த மனிதர், கடலில் அமிழ்ந்த ஆலயத்தைத் தேடித் திருகோணமலைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

ஆனால் கதையை அப்படியே எடுத்து வர முடியாத காரணமும் இருக்கிறது. லவ்கிராஃப்ட் நிறவெறி கொண்டவர். அது அவருடைய கடிதங்களிலும் கதைகளிலும் வெளிப்படையாகத் தெரிகிறது. அவருடைய உலகத்தில் துறைமுகம் ஆபத்தான இடம். அங்கே திரியும் கறுத்த மாலுமிகளும் புரியாத மொழி பேசுவோரும் தீமையின் கையாட்கள். 1927இல் வெளிவந்த ‘த ஹொரர் அட் ரெட் ஹுக்’ என்ற கதை நியூயோர்க்கின் ஒரு துறைமுகப் பகுதியை அப்படித்தான் காட்டுகிறது. துறைமுகத்தில் வசிக்கும் கறுத்த மனிதர்கள், அவருக்குப் புரியாத மொழி பேசுபவர்கள் என்றால் நாங்கள்தான். ஆகவே பிள்ளைகள் முதலில் செய்தது பக்கம் மாறியது. அவர்களுடைய கதை 1938இல் நடக்கிறது. துறைமுகக் கிளாக்கர், தோணிக்காரர், மருத்துவிச்சி, பத்திரிகை நிருபர் ஆகியோர் பாத்திரங்கள். கோட்டையும் கடற்படைத் தளமும் அவர்களுக்கு அந்நியமான இடங்கள்.

கதையின் தொடக்கத்தையும் மாற்றினார்கள். வெளிநாட்டுப் புத்தகங்களில் வரும் கதைகளில் பல, ஒருவர் காணாமற் போவதில் தொடங்கும். ஆட்டக்காரர்களை உள்ளே இழுக்க அது ஒரு தூண்டில். “எங்கடை ஊரிலை இதைத் தூண்டிலாகப் போடேலாது, பெரியப்பா” என்றான் பெறாமகன். எனவே அவர்கள் கதையில் எவரும் காணாமற் போகவில்லை. கிணறு வெட்டும்போது ஒரு கல் கிடைக்கிறது. அதில் எழுத்து இருக்கிறது. அங்கிருந்து கதை நகர்கிறது.

இனி விதிகளுக்கு வருகிறேன்.

மூல விளையாட்டு நூற்றுவீதக் கணக்கில் நடப்பது. ஒவ்வொரு திறமைக்கும் நூற்றுக்கு இத்தனை என்று எண் இருக்கும். பத்து முகம் கொண்ட பகடைகள் இரண்டை எறிந்து, ஒன்றைப் பத்தாகவும் மற்றதை ஒன்றாகவும் வாசிப்பார்கள். நூலகத்தில் தேடும் திறமை 40 என்றால், 40 அல்லது அதற்குக் கீழ் விழுந்தால் தேடியது கிடைக்கும். மேலே விழுந்தால் கிடைக்காது. கணக்கு எளிது, எவருக்கும் விளங்கும். நடைமுறையில் வந்த முதல் இடர் பகடைதான். பத்து முகப் பகடை எங்கள் ஊர்க் கடைகளில் கிடைப்பதில்லை. லூடோப் பெட்டிக்குள் இருக்கும் ஆறு முகப் பகடைதான் கிடைக்கும். பத்து முகப் பகடை என்றால் இராவணனையும் ஆறு முகப் பகடை என்றால் முருகனையும் இந்த ஊரில் எவரும் நினைப்பார்கள். முருகன் பக்கம் போவதே நல்லது என்று நான் வேடிக்கையாகச் சொன்னேன்.

உண்மையான இடர் வேறு. ஒரு மாலை ஆட்டம் பாதியில் நின்றுபோயிற்று. கிணற்றில் கிடைத்த கல்லைப் பற்றிய குறிப்பு கச்சேரியின் பழைய ஏட்டில் இருக்கிறது. அதைக் கண்டால்தான் அடுத்த இடத்துக்குப் போகலாம். நிருபராக ஆடியவர் பகடை எறிந்தார். கிடைக்கவில்லை. மருத்துவிச்சி எறிந்தார். கிளாக்கர் எறிந்தார். ஒருவருக்கும் விழவில்லை. அரை மணி நேரம் ஐந்து பேரும் ஓர் ஏட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். “இது பயமில்லை, பெரியப்பா. பஸ்சுக்குக் காத்திருக்கிற மாதிரி” என்றான் அவன்.

வேறு விதித்தொகுதி தேடும் எண்ணம் அன்று பிறந்தது. இந்த விளையாட்டை வேறு விதிகளுக்கு மாற்றுவது புதிய முயற்சி அன்று. 2002இல் விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனம், மொன்டி குக், ஜோன் டைன்ஸ் ஆகிய இருவரும் எழுதிய பதிப்பொன்றை வெளியிட்டது. அது இருபது முகப் பகடையை அடிப்படையாகக் கொண்டது. அந்நாளில் அந்த விதிகளே உலகெங்கும் பரவியிருந்ததால் பலருக்கு அது வசதியாக இருந்தது. ஆனால் அதில் பாத்திரம் அனுபவம் பெறப் பெறப் படிப்படியாக உயரும், உயரும்போது தாங்கும் உடல்பலமும் கூடும். மூல விளையாட்டில் பத்தாண்டு ஆடினாலும் ஒரு துப்பாக்கிக் குண்டு உங்களைக் கொல்லக்கூடும். இங்கே அப்படியன்று. சித்தத்தெளிவு என்ற எண்ணை இருபது முகப் பதிப்பும் வைத்திருந்தது. எண் வந்து சேர்ந்தும் அச்சம் வழியில் தங்கிவிட்டது என்பது பிள்ளைகளின் கணிப்பு. பலசாலிக்குப் பேய் வெறும் எதிரி. பலமற்றவனுக்குத்தான் அது பேய்.

அவர்கள் தெரிவு செய்தது ‘கம்ஷூ’ என்ற விதித்தொகுதி. ரொபின் லோஸ் என்பவர் வகுத்தது. இதைக் கொண்டு கெனத் ஹைட் எழுதிய ‘ட்ரெயில் ஒஃப் கதுலு’ என்ற விளையாட்டை, கேயோசியத்தின் உரிமத்தோடு பெல்கிரேன் நிறுவனம் 2008இல் வெளியிட்டது. ஒரே ஒரு ஆறு முகப் பகடை போதும். அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. துப்புத் தேடுவதற்குப் பகடையே கிடையாது. தகுந்த திறமை உள்ளவர், தகுந்த இடத்தில், தேடுகிறேன் என்று சொன்னால் கதைக்கு அவசியமான துப்பு கிடைத்தே தீரும். ஓடுவது, சண்டையிடுவது, மனம் கலங்காமல் நிற்பது போன்றவற்றுக்கே பகடை. கையிலுள்ள புள்ளிகளில் சிலவற்றைச் செலவிட்டுப் பகடையோடு கூட்டி, பெரும்பாலும் 4 என்ற இலக்கை எட்டவேண்டும். செலவிட்ட புள்ளி குறைந்துவிடும். களைப்பு என்பது அந்தக் கணக்கில் தானாக வந்துவிடுகிறது.

இனி மாற்றும் வேலை. திறமைகளை எண்ணுக்கு எண் மாற்றுவது எளிது. நூற்றுக்கு 25 என்றால் ஒரு புள்ளி, 50 என்றால் இரண்டு, 75 என்றால் மூன்று என்று ஓர் அட்டவணை போட்டுக்கொண்டார்கள். ஒரு மாலைக்குள் முடிந்த வேலை அது. கதையை மாற்றுவதே கடினம். நூற்றுவீத ஆட்டத்துக்காக எழுதிய கதையில் எல்லாத் துப்புகளும் ஒரே தரத்தில் கிடக்கும். எது பகடையில் விழுகிறதோ அது கிடைக்கும். புதிய விதியில், எது இல்லாவிட்டால் கதை நின்றுவிடும், எது இருந்தால் சுவை கூடும் என்று முன்கூட்டியே பிரிக்கவேண்டும். இதைக் கேட்டபோது, இது என் தொழிலல்லவா என்று எண்ணிக்கொண்டேன். துணை ஆசிரியர் மேசையில் கற்றுக்கொடுக்கும் முதற் பாடம் அதுதான். இடம் போதாவிட்டால் செய்தியை அடியிலிருந்து வெட்டுவார்கள். எனவே வெட்டக்கூடாதது மேலே இருக்கவேண்டும். அவர்கள் எழுதிய 31 துப்புகளையும் சிவப்புப் பேனாவுடன் உட்கார்ந்து வாசித்தேன். 9 மிஞ்சின. மற்றவை புள்ளி செலவழிப்போருக்குக் கிடைக்கும் மேலதிகத் தகவல்களாயின.

ஒரு கலையை அதன் களரியிலிருந்து எடுத்து வேறு களரியில் வைப்பது எங்களுக்குப் புதிதன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்டது சில மணி நேரத்துக்குள் அடங்கியது. ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய நாடகங்கள் அவ்வாறு உருவானவை. எதை வெட்டுவது என்பதை விட எதை வெட்டினால் கூத்து கூத்தாக இராது என்பதே அங்கும் கேள்வி. ஆட்டத்தை நடத்துபவரைக் குறிக்கப் பிள்ளைகள் என்னிடம் சொல் கேட்டபோது இந்த நினைவிலேயே அண்ணாவியார் என்றேன். கூத்தில் எல்லாப் பாத்திரங்களையும் அறிந்து, ஆட்டுவித்து, தான் ஆடாமல் நிற்பவர் அவர். சொல் அப்படியே ஒட்டிக்கொண்டது.

எல்லாச் சொற்களும் அவ்வளவு இலகுவாக வரவில்லை. அரச அலுவலகங்களில் காரியம் சாதிக்கும் திறமையைக் ‘கந்தோர் நடைமுறை’ என்றோம். கந்தோர் என்ற சொல்லே ஒல்லாந்தர் விட்டுப்போனது. முதியோரிடம் கேட்டறிவதை ‘வாய்மொழி வரலாறு’ என்றோம். கலங்கியவரைத் தேற்றிப் பேச வைப்பது ‘ஆறுதல்’ ஆனது. ஆட்டக்காரர்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி ‘விசாரணையாளர்’ என்கிறது. எங்கள் ஊரில் விசாரணை என்றால் என்னவென்று அகராதிக்குத் தெரியாது. “விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனவை” என்ற வாக்கியத்தை இங்கே எத்தனையோ வீடுகளில் கேட்கலாம். கூட்டிச் செல்லப்பட்டவர்களில் பலர் திரும்பவில்லை. ‘தேடுபவர்’ என்று வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கையில் படத்துடன் வீதியோரம் அமர்ந்திருக்கும் தாய்மார் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தார்கள். கடைசியில் ‘கேட்பவர்’ என்று வைத்தோம். கேள்வி கேட்பவர், காது கொடுத்துக் கேட்பவர் என்ற இரு பொருளும் அதில் உண்டு.

‘ட்ரெயில் ஒஃப் கதுலு’ மனத்தை இரண்டாகப் பிரிக்கிறது. அன்றாட அதிர்ச்சியைத் தாங்குவது ஒன்று. அது குறையும், ஓய்வெடுத்தால் மீளும். உலகத்தைப் பற்றிய அடிப்படை நம்பிக்கை மற்றது. அது போனால் பெரும்பாலும் போனதுதான். முதலாவதை மனத்திடம் என்றும் இரண்டாவதைச் சித்தத்தெளிவு என்றும் எழுதினோம். மனத்திடம் மீளுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு பாத்திரமும் தனக்கு ஆதாரமாக இருக்கும் சில மனிதரின் பெயரைத் தாளில் எழுதவேண்டும். இடர் ஓய்ந்த வேளையில் அவர்களோடு காலம் கழித்தால் திடம் திரும்பும். அந்த மனிதர் இறந்தால் ஆதாரம் இல்லாமற் போகும்.

ஆட்டக்காரர்களில் ஒரு பெண்பிள்ளை தன் பாத்திரத் தாளில் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து கேட்டார்: “ஆதாரமா எழுதுற ஆள் எங்கை இருக்கிறார் எண்டு தெரியாட்டி என்ன செய்யிறது?”

ஒருவரும் உடனே பதில் சொல்லவில்லை. விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். அதில் உயிரோடிருப்பவருக்கு விதி இருந்தது, இறந்தவருக்கு விதி இருந்தது. மூன்றாவது கட்டம் இல்லை. அதை எழுதியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களுக்கு அது தேவைப்பட்டிருக்காது.

எனக்கு வேறொரு விதிப்புத்தகம் நினைவுக்கு வந்தது. போர் முடிந்தபின் 2010இல் இலங்கைப் பாராளுமன்றம், காணாமற் போனவர்களுக்கு இறப்புச் சான்றிதழ் பெற வழிசெய்யும் சட்டமொன்றை நிறைவேற்றியது. பிள்ளை இறந்ததாக ஒப்புக்கொண்டால்தான் பத்திரம் கிடைக்கும் என்ற நிலையில் பல தாய்மார் கையொப்பமிட மறுத்தார்கள். 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. இறந்தார் என்று சொல்லாமல், காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்று புதிதாகச் சேர்க்கப்பட்டது. ஒரு நாட்டின் சட்டத்துக்கே மூன்றாவது கட்டத்தைப் போட ஆறு ஆண்டுகள் சென்றன. அந்தக் கட்டம் வந்ததால் எவரும் வீடு திரும்பவில்லை. ஆயினும் பொய்யான கட்டம் ஒன்றில் பெயரை எழுதும் நிர்ப்பந்தம் நீங்கியது.

பிள்ளைகள் அன்று மாலை தங்கள் மூன்றாவது கட்டத்தை எழுதினார்கள். இருக்குமிடம் தெரியாதவரும் ஆதாரமாக இருக்கலாம். அவரை நினைத்திருக்கும் வேளையில் ஆட்டக்காரர் ஆறு முகப் பகடையை எறியவேண்டும். 2 முதல் 6 வரை விழுந்தால் திடம் மீளும். 1 விழுந்தால் இருப்பதிலும் குறையும். அந்தப் பெயரை அடித்துவிடும் உரிமை ஆட்டக்காரருக்கு மட்டுமே உண்டு. அண்ணாவியாருக்கு இல்லை. கேட்டவர் தாளில் என்ன பெயர் எழுதினார் என்று நான் பார்க்கவில்லை.

தம்பியின் மனைவிக்கு இந்த ஆட்டம் தொடக்கத்திலிருந்தே பிடிக்கவில்லை. “பயத்தைத் தேடிப்போய்க் காசு குடுத்து வாங்கிற காலமும் வந்திட்டுது, அத்தான். எங்களிட்டைக் கேட்டிருந்தால் சும்மா குடுத்திருப்பமே” என்றார் என்னிடம். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இந்த ஊர் கதுலுவை வைத்துப் பயம் கற்கவேண்டிய ஊரன்று. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து வந்ததைக் கண்ட ஊர். அதற்கு முன்னும் பின்னும் மனிதர் செய்ததைக் கண்ட ஊர். விளையாட்டில் உண்மைச் சம்பவம் எதையும் எடுக்கக்கூடாது என்பதைப் பிள்ளைகள் தாங்களே முதல் விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள். கதையை 1938க்குத் தள்ளியதும் அதனால்தான்.

ஆயினும் இரண்டு விதித்தொகுதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. பழைய விதியில் அச்சம், உண்மை கிடைக்குமா என்பதில் இருக்கிறது. புதிய விதியில் உண்மை கிடைத்துவிடும். கிடைத்தபின் அதை வைத்து என்ன செய்வாய், அதற்கு என்ன விலை கொடுப்பாய் என்பதில் அச்சம் இருக்கிறது. பத்திரிகைத் தொழிலை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதை முதல் விதிப்படி நடப்பதாக நினைக்கிறார்கள். செய்தியாளன் துருவித் துருவி மறைந்த உண்மையைக் கண்டுபிடிக்கிறான் என்பது திரைப்படம் வளர்த்த நம்பிக்கை. திருகோணமலையில் உண்மை மறைந்து கிடந்த நாட்கள் குறைவு. யார் வந்தார்கள், எந்த வாகனத்தில் வந்தார்கள், எவரை அழைத்துச் சென்றார்கள் என்பது விடிவதற்குள் தெருவுக்கே தெரிந்திருக்கும். அதை எழுதுவதுதான் பாடு.

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, காந்தி சிலைக்கு அருகே கடற்கரையில் தமிழ் மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. ‘சுடர் ஒளி’ பத்திரிகையின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் உடல்களைப் படம் எடுத்தார். துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் அந்தப் படங்களில் தெரிந்தன. படங்கள் வெளிவந்தன. அதே மாதம் 24ஆம் திகதி காலை, திருகோணமலை நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் போதிய சாட்சியம் இல்லை என்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர். துப்பு ஊரின் கண்ணெதிரே கிடந்தது. கமெராவுடன் சென்று அதை எடுத்தவர் அதற்கான விலையைக் கொடுத்தார்.

இதை நான் ஆட்டத்தின் இடையே சொல்லவில்லை. பிள்ளைகள் அறியாததும் அன்று. அந்த ஆண்டு அவர்கள் மிகச் சிறியவர்கள், ஆனால் அதைக் கேட்டே வளர்ந்தவர்கள். பத்து முகப் பகடையை விட்டு ஆறு முகப் பகடைக்கு வந்ததற்குக் கடையில் கிடைக்காததும், ஆட்டம் நின்றுபோனதும் அவர்கள் சொல்லும் காரணங்கள். இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு இரண்டாவது விதி இயல்பாகக் கைவந்தது என்பது என் எண்ணம். ட்ரெயில் விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் உந்துதல் எழுதவேண்டும் என்றும் விதி உண்டு. புத்தியுள்ள எவரும் விலகிப்போகும் இடத்துக்கு இவர் ஏன் போகிறார் என்பதற்கு ஒற்றைச் சொல்லில் விடை வேண்டும். நிருபர் பாத்திரத்துக்கு ஆர்வம், புகழ், பழிவாங்கல் என்று பலவற்றை எழுதிப் பார்த்துவிட்டுக் ‘கடமை’ என்று எழுதினார்கள். என்னிடம் எவரும் கேட்கவில்லை.

டொரொன்டோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் எங்கள் பிள்ளைகள் இத்தகைய விளையாட்டுகளை ஆங்கிலத்தில் ஆடுவதாக அறிகிறேன். தமிழுக்கு மாற்ற விரும்புவோருக்கு இந்த விறாந்தையில் கண்ட இரண்டொன்றைச் சொல்லலாம். எண்களை மாற்றும் அட்டவணையை முதலில் போடாதீர்கள், அது கடைசி வேலை. எந்த முடிவைப் பகடையிடம் விடுகிறீர்கள், எதை மனிதரிடம் விடுகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள். சொற்களை ஆடிப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். அகராதியில் சரியாக இருக்கும் சொல் மேசையில் கனக்கலாம். மூலப் புத்தகத்தில் கட்டம் இல்லாத மனிதர் உங்கள் மேசைக்கு வந்தால், மனிதரை மாற்றாமல் கட்டத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விதித்தாள்கள் இப்போது 14 பக்கம் அளவில் இருக்கின்றன. கையால் எழுதியவை. கிணற்றுக் கல்லின் கதை இன்னும் முடியவில்லை. பாத்திரங்களில் ஒருவருக்குச் சித்தத்தெளிவு மூன்று புள்ளிதான் மிச்சம். தம்பியின் மனைவி ஆட்டத்தில் சேரவில்லை. ஆனால் 1938இல் துறைமுகப் பக்கம் எப்படி இருந்தது, கிணறு வெட்டும்போது என்ன சடங்கு செய்தார்கள், கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால் எத்தனை நாள் விளக்கெரித்தார்கள் என்று அறிய வேண்டிய போதெல்லாம் பிள்ளைகள் குசினிப் பக்கம் போகிறார்கள். தன் தாயாரிடமும் பாட்டியிடமும் கேட்டவற்றை அவர் சொல்கிறார். அதற்குப் பகடை எறியச் சொல்வதில்லை. தேத்தண்ணீரும் கொடுத்து அனுப்புகிறார்.